முதிய பெற்றோருடன் நெடுந்தூரச் சாலைப் பயணம்: திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

முதிய பெற்றோரைக் காரில் அழைத்துக்கொண்டு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். மொத்தத் தொலைவைக் கையிலிருக்கும் நாட்களால் வகுத்து, நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முடிவுசெய்து, அந்தக் கணக்குக்கு ஏற்ப விடுதிகளைப் பதிவுசெய்துவிடுகிறார்கள். இளையவர்கள் மட்டும் செல்லும் பயணத்துக்கு இந்த முறை போதுமானது. எழுபதைக் கடந்த தாயும் தந்தையும் உடன் வரும்போது கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். அவர்கள் எப்போது எழுகிறார்கள், எப்போது மருந்து உண்கிறார்கள், எவ்வளவு நேரம் வலியின்றி உட்கார்ந்திருக்கிறார்கள், எப்போது உறங்குகிறார்கள் என்பதையெல்லாம் முதலில் எழுதிவைத்து, அவற்றுக்கு நடுவே மிஞ்சுகிற நேரத்தில் எவ்வளவு தொலைவு அடங்குமோ அதையே அன்றைய பயணமாகக் கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே கொள்கையின் மீதுதான் நிற்கிறது.

முதலில் கேட்க வேண்டியவை

பெற்றோரிடம் சொல்லாமலே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு, புறப்படும் வாரத்தில் தெரிவித்து மகிழ்விக்கலாம் என்ற எண்ணத்தை நான் ஆதரிப்பதில்லை. பல நாட்கள் நீளும் பயணத்தில் அவர்களுடைய உடலும் உறக்கமும் அன்றாடப் பழக்கங்களும் குலையப்போகின்றன. அதற்கு அவர்களுடைய சம்மதமும் யோசனையும் வேண்டும். ஆகவே, நாள் குறிப்பதற்கு முன்பே அவர்களுடன் அமர்ந்து பேசுங்கள்.

இருவரிடமும் தனித்தனியாகக் கேட்பது மிகவும் முக்கியம். ஒன்றாக அமர்ந்திருக்கும்போது ஒருவருக்காக மற்றவர் பதில் சொல்வது இயல்பு. ‘உங்கள் அப்பாவுக்கு உட்கார்ந்து வருவதில் ஒரு சிரமமும் இல்லை’ என்று தாய் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு தந்தை தம் முதுகுவலியைப் பற்றி வாய் திறக்கமாட்டார். தனியாகப் பேசும்போது, எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, இரவில் எத்தனை முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, மலைப்பாதையில் தலைசுற்றல் வருமா, படி ஏற முடியுமா, எதை நினைத்து அச்சப்படுகிறார்கள் என்பதையெல்லாம் கேட்டறியலாம்.

அதே உரையாடலில், ஒவ்வொருவரும் கட்டாயம் காண விரும்பும் ஓரிரு இடங்களையோ சந்திக்க விரும்பும் மனிதர்களையோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகப் பார்க்காத ஒரு நண்பரின் வீடு, முதன்முதலில் வேலை பார்த்த ஊர் என்று அவர்கள் சொல்லும் இடம் உங்கள் வரைபடத்தில் நேர்வழியில் இருக்காது. அந்த இடத்தைச் சேர்த்துக்கொண்டு, புகழ்பெற்ற சுற்றுலாத் தலங்களில் ஒன்றிரண்டை விட்டுவிடலாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு நாளின் அளவு

வரைபடச் செயலி காட்டும் நேரம் இடைவிடாமல் ஓட்டினால் ஆகும் நேரம். அதில் ஓய்வு, உணவு, கழிப்பறை, காரில் ஏறி இறங்கும் நேரம் எதுவுமே சேராது. முதியவர்கள் உடனிருக்கும்போது ஒவ்வொரு நிறுத்தமும் இருபது நிமிடமாவது எடுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தமாக மூன்று நிறுத்தங்களுக்கு ஒரு மணி நேரமும், மதிய உணவுக்கு இன்னொரு மணி நேரமும் சேர்ந்து ஏழு மணி நேரமாகிவிடும். காலை எட்டரைக்குப் புறப்பட்டால் மாலை மூன்றரைக்குத்தான் அறையை அடைவீர்கள். இதற்கு மேல் நீட்ட வேண்டாம். நல்ல நெடுஞ்சாலையில் இந்தக் கணக்குக்கு முந்நூறு முதல் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் வரை அடங்கும். மலைப்பாதையில் அதில் பாதியே அடங்கும்.

இருட்டுவதற்கு முன்பே தங்குமிடத்தைச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, கண்வில்லை மங்கி, விழித்திரையை எட்டும் ஒளி வெகுவாகக் குறைகிறது. எதிரே வரும் விளக்கொளியால் கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்பவும் அதிக நேரம் பிடிக்கிறது. ஓட்டுபவர் இளையவராகவே இருந்தாலும், அறிமுகமில்லாத இடத்தில், இருட்டில், சமமற்ற தரையில் பெற்றோரை இறக்கி நடத்திச் செல்வது விழுவதற்கான வாய்ப்பைத் தேடிச் செல்வதாகும்.

தொடர்ந்து இரண்டு நாட்கள் பயணம் செய்தால், மூன்றாம் நாள் காரை எடுக்காமல் ஒரே ஊரில் தங்குங்கள். அந்த நாளுக்கு எந்த நிகழ்ச்சியும் வைக்க வேண்டாம். துணி துவைப்பது, நன்றாக உறங்குவது, மாலையில் சற்று நடப்பது ஆகியவற்றுக்கே அந்த நாள் சரியாக இருக்கும். கையிலிருக்கும் நாட்களுக்குள் இப்படி அடங்காத பயணம் என்றால், தொலைவைக் குறைக்க வேண்டும். அல்லது ஒரு பகுதியை ரயிலிலோ விமானத்திலோ கடந்து, சென்று சேர்ந்த ஊரில் கார் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நாளை வெட்டுவது மட்டும் கூடாது.

பெரும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஓரிரவு தங்கித் திரும்பும் சிறிய ஒத்திகைப் பயணம் ஒன்றை மேற்கொள்ளுங்கள். எந்த இருக்கையில் யாருக்கு முழங்கால் மடங்காமல் போகிறது, ஏ.சி. காற்று யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எந்தப் பை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஓரிரவு காட்டிக்கொடுத்துவிடும்.

மருத்துவரிடம் பேசவேண்டியது

புறப்படுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே பெற்றோரின் மருத்துவரைச் சந்தித்து, பயணத்தின் நீளத்தையும் வழியிலுள்ள உயரமான இடங்களையும் வெப்பநிலையையும் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சென்றால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றி, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அவகாசம் இருக்காது.

நீண்ட நேரம் அசையாமல் உட்கார்வதால் கால்களின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்துபோகக்கூடும் என்பது விமானப் பயணத்தோடு மட்டுமே இணைத்துப் பேசப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பயணத்தில் இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றும், கார், பேருந்து, ரயில் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும் என்றும் கண்டறிந்தது. நலமாக இருப்பவர்களுக்கு அந்த அபாயம் சிறியதே. ஆனால் முன்பே இரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோர் தனியாகக் கேட்டு அறிவுரை பெற வேண்டும். அழுத்தக் காலுறைகள் அணிவதையும் மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள். கால்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அவை தீங்கு செய்யலாம்.

இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்களுக்குக் காலைப் பயணம் பெரும் சோதனையாகிவிடும். சிலர் யாரிடமும் சொல்லாமல் பயண நாட்களில் அந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், இது ஆபத்தானது. வேளையை மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்டால், பலருக்கு அவர் வழி சொல்வார். வாந்தி, தலைசுற்றலுக்குக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை; முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடியவை. தலைசுற்றல் உள்ளவரை முன்னிருக்கையில் அமர்த்தி, தொலைவிலுள்ள சாலையைப் பார்த்துவரச் சொல்வதே முதலில் செய்ய வேண்டியது. கண் அசைவின்மையையும் உட்செவி அசைவையும் மூளைக்கு ஒரே நேரத்தில் தெரிவிப்பதால்தான் இந்தத் தொல்லை வருகிறது. ஓடும் காரில் கைபேசியைப் படிப்பது அதை மோசமாக்கும்.

மருந்துகளைப் பயண நாட்களுக்குத் தேவையானதைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துக்கொண்டு, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருந்துப் பட்டியலில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் எழுத வேண்டும். வேறிடத்து மருத்துவருக்குப் பொதுப்பெயர்தான் பயன்படும். ஒவ்வாமை, முந்தைய அறுவை சிகிச்சைகள், அண்மையில் எடுத்த இ.சி.ஜி. ஆகியவற்றின் படங்களைக் குறைந்தது இரண்டு பேரின் கைபேசிகளில் வைத்திருங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டிலிருக்கும் பேனாவோ குப்பியோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டியிருந்தால் உறைந்து பயனற்றுப்போகும் என்பதால் நடுவே துணி சுற்றுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வெப்பத்திலும் ஒளியிலும் வீரியம் இழக்கும். அதை வந்த குப்பியிலேயே வைத்திருக்க வேண்டும். எந்த மருந்தையும் டேஷ்போர்டிலோ டிக்கியிலோ விட்டுச்செல்லக் கூடாது.

வெவ்வேறு நேர மண்டலங்களைக் கொண்ட பரந்த நாட்டைக் கடப்பவர்கள், மருந்து வேளைகளை எப்படி நகர்த்துவது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

காரும் இருக்கையும்

பெற்றோருக்கு ஏற்ற கார் எது என்பதை இருக்கையின் உயரம்தான் தீர்மானிக்கிறது. மிகத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காது. மிக உயர்ந்த வண்டியில் ஏற முடியாது. இருக்கையின் விளிம்பு, நிற்கும்போது அவர்களுடைய தொடையின் மேற்பகுதிக்கு ஒட்டி இருந்தால் நல்லது. ஏறும்போது முதலில் இருக்கையில் பக்கவாட்டாக அமர்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒருசேர உள்ளே திருப்ப வேண்டும்; இறங்கும்போது இதையே மாற்றிச் செய்ய வேண்டும். இறங்கியவுடன் நடக்கவிடாமல், கதவைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடமாவது நிற்கச் சொல்லுங்கள். நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வருவது முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது.

சீட் பெல்ட்டைப் பின்னிருக்கையிலும் தவறாமல் அணிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மீது படியாமல் இடுப்பெலும்பின் மீதும், மேல்பட்டை கழுத்தில் உராயாமல் தோளின் நடுவிலும் நெஞ்செலும்பின் மீதும் செல்ல வேண்டும். வசதிக்காக முதுகுக்குப் பின்னே தடித்த தலையணைகளை அடுக்கினாலும், இருக்கையை மிகவும் சாய்த்துவிட்டாலும், பட்டை உடலை விட்டு விலகி, மோதலின்போது உடல் பட்டைக்கு அடியில் நழுவிவிடும். எனவே, கீழ்முதுகுக்கு ஒரு சிறிய மெல்லிய தலையணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உறங்க விரும்புகிறவர்கள் நிமிர்ந்த நிலையிலேயே கழுத்துக்குத் தாங்கல் வைத்து உறங்கலாம்.

டயர்களின் காற்றழுத்தத்தைக் கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எல்லோரும் அமர்ந்து, சுமையும் ஏற்றிய காருக்குரிய அழுத்தம் வேறு. பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையில் அது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்.

நிறுத்திய காரில் பெற்றோரை விட்டுவிட்டு ‘ஐந்தே நிமிடத்தில்’ கடைக்குள் போவதைத் தவிர்க்க வேண்டும். வெளியே 22 டிகிரி என்ற இதமான வெப்பநிலை நிலவிய வெயில் நாளிலும், பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறியதை 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவுசெய்தது. கண்ணாடியைச் சிறிது திறந்துவைத்தது பெரிய மாற்றத்தைத் தரவில்லை.

சாலையில் செல்லும்போது

இந்தப் பயணத்தில் நீங்கள் உண்மையிலேயே விழிப்போடு கவனிக்க வேண்டியது தண்ணீர். காரை அடிக்கடி நிறுத்தச் சொல்வதற்குக் கூச்சப்பட்டு, முதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அதை யாரிடமும் சொல்வதும் இல்லை. வயதானால் தாக உணர்வே மங்கிவிடுகிறது என்பதால், ‘தாகமாக இல்லை’ என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் உடலுக்குத் தண்ணீர் தேவைப்படாது என்று அதற்குப் பொருளில்லை. நீர்வறட்சி தலைசுற்றலையும் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களைச் சட்டென்று தளர்த்திவிடும்.

இதற்குத் தீர்வு, ‘தண்ணீர் குடியுங்கள் அம்மா’ என்று வற்புறுத்துவது அன்று. நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலையே அவர்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கார் நிற்கும் என்பதை முதல் நாளே விதியாக அறிவித்து, அதைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். நிறுத்தியதும் முதலில் இறங்கிக் கழிப்பறைக்குச் செல்பவர் நீங்களாகவே இருங்கள். கழிப்பறை தூய்மையாக இருக்கும் இடங்களை முந்தைய இரவே வரைபடத்தில் தேடிக் குறித்துவைத்து, ‘அடுத்த நிறுத்தம் நாற்பது நிமிடத்தில்’ என்று சொல்லிக்கொண்டே வந்தால், அவர்கள் தாமாகவே தண்ணீர் குடிக்கத் தொடங்குவார்கள். நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடமாவது நடக்கச் செய்யுங்கள். காரில் இருக்கும்போது குதிகாலையும் முன்காலையும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு உணவு ஒரு மணி நேரம் தள்ளிப்போவதும் ஆபத்தாகலாம். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே காரை நிறுத்தி, 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். குளுக்கோஸ் அவர்களுடைய கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

காரின் இரைச்சலில், காது மந்தமானவர்களுக்குப் பேச்சின் பாதி கேட்காது. முன்னிருக்கையில் இருப்பவர்கள் சாலையைப் பார்த்தபடி பேசுவது பின்னால் போய்ச் சேராததால், தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்ற எண்ணம் பெற்றோருக்கு எளிதில் வந்துவிடுகிறது. பாட்டின் ஒலியைக் குறைத்து, பேசுபவர் அவர்கள் பக்கம் திரும்பிப் பேசட்டும். தாயும் தந்தையும் முன்னிருக்கையில் முறைவைத்து அமரட்டும். அவர்களுக்கு உண்மையான பொறுப்புகளையும் கொடுங்கள். எரிபொருள் கணக்கு எழுதுவது, அடுத்த நாளின் வழியை முடிவுசெய்வது, எங்கே உண்பது என்று தேர்வுசெய்வது ஆகியவற்றை அவர்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் எடுத்த முடிவை மாற்றாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓட்டுபவருக்கு

முதல் நாள் வேலைகளை இரவு வெகுநேரம் வரை முடித்துவிட்டு விடியற்காலையில் காரை எடுப்பது மிகப் பரவலான பழக்கம். கைவிட வேண்டிய பழக்கமும்கூட. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலவே தாழ்ந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையிலும், பிற்பகலில் இரண்டிலிருந்து நான்கு மணி வரையிலும் உடல் இயல்பாகவே தூக்கத்தை நாடும். கண் சொருகினால் பாட்டும் குளிர்காற்றும் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, அது வேலைசெய்யத் தொடங்கும் அரை மணி நேரத்துக்குள் பதினைந்து, இருபது நிமிடம் உறங்குவதே பயன் தரும்.

வாழ்நாளெல்லாம் கார் ஓட்டிய தந்தை தாமும் ஓட்டுவதாகச் சொல்வார். அதைச் சாலையில் வைத்து முடிவுசெய்யாதீர்கள். புறப்படும் முன்பே அவருடைய உரிமத்தின் காலம், காப்பீட்டில் அவர் ஓட்டுவதற்கு அனுமதி உண்டா என்பது, கண் பரிசோதனை, உண்ணும் மாத்திரைகள் தூக்கம் தருமா என்பது ஆகியவற்றைப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் போக்குவரத்து குறைந்த, பகல் வெளிச்சமுள்ள பகுதிகளை அவருக்கென ஒதுக்குங்கள். இயலாது என்று தெரிந்தால், காரணத்தை மழுப்பாமல், தனியாக, மதிப்போடு சொல்லிவிட வேண்டும்.

இரவுத் தங்கல்

அறையைப் பதிவுசெய்யும்போது தரைத்தளமா, லிஃப்ட் உண்டா என்பதைத் தொலைபேசியில் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். குளியலறைத் தரை வழுக்குமா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, கழிப்பறை எவ்வகை என்பதையும் கேளுங்கள். புதிய அறையில், இரவில், கழிப்பறைக்குச் செல்லும் வழியில்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். ஆகவே அறைக்குள் நுழைந்தவுடன் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அவர்களை ஒருமுறை நடத்திக் காட்டி, வழியிலிருக்கும் பைகளையும் மடங்கும் மிதியடிகளையும் அகற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறிய இரவு விளக்கை எரியவிடுங்கள்.

பாதியில் திரும்ப வேண்டி வந்தால்

வழித்திட்டத்திலேயே, நல்ல மருத்துவமனையும் ரயில் அல்லது விமான வசதியும் உள்ள இரண்டு, மூன்று நகரங்களைத் திரும்பும் இடங்களாகக் குறித்துவையுங்கள். யாருக்கேனும் முடியவில்லை என்றால், அங்கிருந்து பெற்றோரில் ஒருவரோ இருவருமோ பிள்ளைகளில் ஒருவரின் துணையோடு வீடு திரும்பலாம் என்று முன்பே பேசிவைத்துவிட்டால், தங்களால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடுமே என்ற தயக்கத்தில் அவர்கள் நோயை மறைக்கமாட்டார்கள். பதிவுசெய்யும் விடுதிகளைக் கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடியவையாகப் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது, நெஞ்சில் அழுத்தம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அவசர எண்ணை அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்கான சிகிச்சை அந்த நேரத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. நெடுஞ்சாலையில் இருக்கும் இடத்தைச் சொல்ல, கடைசியாகக் கடந்த கிலோமீட்டர் கல்லின் எண்ணோ கைபேசி காட்டும் இட ஆயங்களோ (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) உதவும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால் பயணம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, எத்தனை மணி நேரம் பயணம் செய்தார்கள் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.